சேதனப் பசளையைத் திட்டாதீர்கள், கணக்குப் போடாதவர்களைத் திட்டுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள். ஆனால் பாதி வாசித்துவிட்டுக் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம்.

டித்வா புயலுக்குப் பிறகு நம்ம ஊரில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. நகரத்துக் குப்பையைத் தரம் பிரித்துக் கூட்டுப்பசளை செய்யலாம், அதைத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம், கீழ் நாட்டிலிருந்து வரும் லொறியையே நம்பி இருக்கக் கூடாது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். உடனே ஒருவர் எழும்புவார். "சேதனப் பசளையா? 2021 மறந்து போச்சா சேர்? நாட்டையே பட்டினி போட்ட கதையைத் திரும்ப ஆரம்பிக்காதீங்க." அதோடு கதை முடிந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள். குப்பை மறுபடியும் ஓடைக்குப் போகும்.

இந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

2021 எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்த வருடம் தோற்றுப் போனது கூட்டுப்பசளை என்று நினைக்கிறவர்கள் நடந்ததை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

2021 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அறிவித்தார். மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளையும் பூச்சிகொல்லி, களைகொல்லிகளும் இறக்குமதி செய்யத் தடை. நாட்டில் டொலர் தீர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பசளைக்குப் போகும் டொலரை மிச்சம் பிடிப்பதுதான் அவசரம் என்று அப்போதே பலர் சொன்னார்கள். ஆனால் மேடையில் சொன்னது மண்வளம், சுகாதாரம், பசுமை. ஒக்டோபரில் தேயிலைக்கு மட்டும் தளர்த்தினார்கள். நவம்பர் இறுதியில் தடையையே நீக்கினார்கள். ஏழு மாதம் கூட நிற்காத கொள்கை.

அந்த ஏழு மாதத்துக்குள் நடந்த கூத்தைப் பாருங்கள். சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்தது. நமது தாவரத் தொற்றுநீக்கல் அதிகாரிகள் மாதிரியைச் சோதித்து, பயிருக்குத் தீங்கான பக்டீரியா இருக்கிறது என்றார்கள். கப்பலை இறக்க விடவில்லை. சண்டை நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2022 ஜனவரியில் ஏறக்குறைய 7 மில்லியன் டொலர் கட்டினோம். பசளையும் இல்லை, காசும் இல்லை.

இதில் ஒரு கேள்வி கேளுங்கள். தன் மண்ணைத் தன் கழிவாலேயே வளமாக்கப் போகிறோம் என்று சொன்ன நாடு, சீனாவிலிருந்து கப்பலில் பசளை ஏற்றி வர ஏன் ஓடர் கொடுத்தது? ஏனென்றால் நாட்டில் பசளை இருக்கவில்லை. குவியல் இல்லை, கொட்டகை இல்லை, தரம் பிரித்த குப்பை இல்லை, ஏற்றிப்போக லொறி ஒழுங்கும் இல்லை. இருந்ததெல்லாம் வர்த்தமானி ஒன்றுதான். வர்த்தமானியை மண்ணில் போட்டால் கொழுந்து வராது.

கணக்கு வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை, கணக்கே போடுவோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்குதான்.

தயாரித்த தேயிலையில் ஏறக்குறைய 4 வீதம் நைதரசன் இருக்கிறது. 1,000 கிலோ தேயிலை தொழிற்சாலையை விட்டு வெளியே போனால், நம்ம மலையிலிருந்து சுமார் 40 கிலோ நைதரசன் போகிறது என்று அர்த்தம். மழை கழுவிக்கொண்டு போவது தனி. யூரியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ மூட்டை இரண்டு கூட வேண்டாம், அந்த 40 கிலோவை ஈடு செய்யலாம். நல்ல கூட்டுப்பசளையில், ஈரத்தோடு நிறுத்தால், நைதரசன் சுமார் 1 வீதம். அப்படியானால் அதே 40 கிலோவுக்கு 4,000 கிலோ, அதாவது 4 தொன் வேண்டும். அதுவும் முதல் வருடத்திலேயே முழுவதும் செடிக்குக் கிடைக்காது, மெதுவாகத்தான் கிடைக்கும்.

2021இல் இலங்கை உற்பத்தி செய்த தேயிலை சுமார் 299 மில்லியன் கிலோ. 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 4 தொன் வீதம் பெருக்கினால் 1.2 மில்லியன் தொன் கூட்டுப்பசளை. பத்துத் தொன் லொறியில் ஏற்றினால் ஒரு இலட்சத்து இருபதாயிரம் லொறி. தேயிலைக்கு மட்டும். நெல்லும் மரக்கறியும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்தக் கணக்கை யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கொழும்பில் ஒரு மேசையில் உட்கார்ந்து போட்டிருந்தால் அந்த வர்த்தமானி வந்திருக்காது. தலவாக்கலையில் 1925இல் ஆரம்பித்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூறு வருட அனுபவம். ஒரே பருவத்தில் இரசாயனப் பசளையை முழுக்க நிறுத்தலாம் என்று எந்த மண் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தது?

இந்தியாவின் சிக்கிம் மாநிலம் முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறுவதாக 2003இல் முடிவெடுத்தது. முடித்துவிட்டதாக அறிவித்தது 2016இல். 13 வருடம். அதுவும் முன்பிருந்தே பசளை குறைவாகப் பாவித்த சின்ன மாநிலம். நாம் ஒரே இரவில் செய்யப் போனோம். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறந்துவிட்டு, பெயிலானதும் பாடத்தையே குறை சொல்கிற பிள்ளையைப் போல இன்று பேசுகிறோம்.

இது முதல் தடவையும் அல்ல. 2015இல் கிளைபொசேட் களைகொல்லியைத் திடீரென்று தடை செய்தார்கள். மாற்று வழி கொடுக்கவில்லை. மலையெல்லாம் புல் மண்டியது, பாம்புக்கும் அட்டைக்கும் பயந்து பெண்கள் கொழுந்து எடுத்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். 2011 இறுதியில் மரக்கறியைச் சாக்கில் கட்டக் கூடாது, பிளாஸ்டிக் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல யோசனை. கூடை திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், கரட்டும் கோவாவும் நசுங்காது. ஆனால் கூடைக்குக் காசு யார் கொடுப்பது, வெறுங்கூடையை யார் திருப்பி ஏற்றி வருவது, லொறியில் பாதி எடைதானே போகும், அதன் நட்டம் யாருக்கு? ஒன்றுக்கும் பதில் இல்லை. விவசாயிகளும் வியாபாரிகளும் தெருவுக்கு வந்தார்கள், சட்டம் பின்வாங்கியது. நல்ல யோசனைகளைக் கெட்ட பெயர் எடுக்க வைப்பதில் நம் நாட்டுக்கு நிகர் இல்லை.

சரி, 2021இன் செலவை யார் கட்டினார்கள்?

மண் சில மாதம் சேமிப்பில் ஓடியது. முன்பு போட்ட பசளையின் மிச்சத்தில் 2021 உற்பத்தி பெரிதாக விழவில்லை. அடி விழுந்தது 2022இல். 299 மில்லியன் கிலோ 251 மில்லியனுக்கு இறங்கியது. கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி. தடை நீங்கியும் பசளை திரும்பவில்லை, டொலர் இல்லை, மூட்டை விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியது.

ஆனால் புள்ளிவிபரத்தில் வராத ஒரு நட்டம் இருக்கிறது. 2021 மார்ச்சில்தான் எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனது. இரண்டு மாதத்தில் பசளை நின்றது. கொழுந்து துளிர்க்காத மலையில் 18 கிலோ, 20 கிலோ கேட்டார்கள். எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர். அதாவது பசளைக் கொள்கையின் தவறு கொழும்பில் நடந்தது. அபராதம் கொழுந்துக் கூடையில் நிறுக்கப்பட்டது. அந்த அக்காமார் வர்த்தமானியில் கையெழுத்துப் போடவில்லை, கப்பலுக்கு ஓடர் கொடுக்கவில்லை, டொலரைச் செலவழிக்கவும் இல்லை. சங்கிலி அறுந்தால் அதன் கடைசி வளையத்தில் இருப்பவர் தலையில்தான் விழும். இதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்றது எல்லாம் இதிலிருந்துதான்.

இது மலையகத்துக்குப் புதிதும் இல்லை. வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் 1973, 74 பற்றிக் கேளுங்கள். உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தது. ஊருக்கு ஊர் அரிசி கொண்டுபோவதற்கே கட்டுப்பாடு வந்தது. கிராமத்தில் வயல் இருந்தவன் எப்படியோ தப்பித்தான். லயத்தில் இருந்தவனுக்கு ஒரு அடி வயல் கிடையாது. மரவள்ளி இலையையும் அவித்துத் தின்ற கதையை நம் பெரியவர்கள் சொல்வார்கள். தோட்டங்களில் மரண வீதம் ஏறியது. உலகம் முழுக்கத் தேநீர் கொடுத்த மலையில் மனிதர்கள் பசியால் செத்தார்கள்.

அதற்கும் நூறு வருடத்துக்கு முன்பு இதே மலை முழுவதும் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்தது. ஒரே பயிர், ஒரே சந்தை. இருபது வருடத்துக்குள் கோப்பி காணாமல் போனது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டிருந்த தேயிலை இல்லாவிட்டால் துரைமார் வேறு நாடு பார்த்திருப்பார்கள். ஒரு விஷயம் கவனியுங்கள். அந்தக் கோப்பிக் காலத்துத் துரைமாரே தோட்டத்தில் மாட்டுப் பட்டி வைத்து எருவை மண்ணுக்குக் கொடுத்தவர்கள்தான். மாட்டெரு என்பது 2021இல் யாரோ கண்டுபிடித்த புதுமை அல்ல.

இப்போது டித்வாவுக்கு வருவோம். 2025 நவம்பர் இறுதி. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் நாடு முழுவதும் போயின. அதில் நம் மலை மாவட்டங்களின் பங்குதான் பெரிது. பாதைகள் மண்சரிவில் மூடின, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது, மின்சாரமும் போனும் இல்லாமல் நுவரெலியா நாட்கணக்கில் தனித்தீவாக இருந்தது. தோட்டத்தில் லீக்ஸும் கரட்டும் அழுகின. கொழும்பில் மரக்கறி விலை எகிறியது. லயத்தில் கோதுமை மா இல்லை. ஒரே நேரத்தில், ஒரே பாதையின் இரண்டு முனையிலும் தட்டுப்பாடு.

ஏன்? நம் ஊரின் பொருளாதாரத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மேலே வருவது: அரிசி, மா, எரிவாயு, யூரியா, பொலித்தீன், மரக்கறித் தோட்டத்துக்குக் கோழி எருவும்கூடக் கீழ் நாட்டிலிருந்து லொறியில். கீழே போவது: தேயிலை, மரக்கறி, மின்சாரம், தண்ணீர், கடைசியாக நம் பிள்ளைகள், கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு. இரண்டும் நேர்கோடு. எந்தக் கோடும் வளைந்து திரும்பி வரவில்லை. பாதை திறந்திருக்கும் வரை இது தெரியாது. கினிகத்தேனையில் ஒரு மண்மேடு சரிந்தால் அன்றைக்கே தெரியும்.

இதற்கு நடுவில் திரும்பி வரக்கூடியது ஒன்று நம் கண் முன்னால் கிடக்கிறது. குப்பை.

நம் நகரங்களின் கழிவில் பெரும்பகுதி உக்கக்கூடியது. மரக்கறித் தோல், சாப்பாட்டுக் கடை மிச்சம், மீன் கழிவு, தேயிலைச் சக்கை. மரக்கறியில் 30 முதல் 40 வீதம் அறுவடைக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் இடையில் வீணாகிறது என்று ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள். அதெல்லாம் ஒரு காலத்தில் யூரியாவாக, கோழி எருவாகக் காசு கொடுத்து மலைக்கு ஏற்றி வந்த சத்து. அதை லஞ்ச் சீட்டோடும் பம்பர்ஸோடும் ஒரே பையில் கட்டி ஓடையோரம் போடுகிறோம். ஹட்டன் பக்கத்துத் தண்ணீர் களனிக்குப் போகிறது, தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் மகாவலிக்குப் போகிறது. கொழும்புக்கு நாம் அனுப்பும் இன்னொரு ஏற்றுமதி இது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்தார்கள். அது சமதரை. நம்முடையது சரிவு. யோசித்துப் பாருங்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்துக்குப் பதில் சொல்கிறேன்.

"சேர், குப்பைப் பசளையால் தேயிலை முழுவதையும் வளர்க்க முடியுமா?" முடியாது. மேலே நானே கணக்குக் காட்டினேன். இன்னொன்றும் சொல்கிறேன். நம் தேயிலையை ஈராக்கிலும் துருக்கியிலும் ரஷ்யாவிலும் குடிக்கிறார்கள். அந்தச் சக்கை திரும்பி வராது. அதனால் வெளியிலிருந்து கொஞ்சம் சத்து வந்தே ஆக வேண்டும். முழு வட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பாதிக் கிணறு தாண்டக் கூடாது என்பதற்காகத் தாண்டவே வேண்டாம் என்றால், கப்பல் நிற்கும் ஒவ்வொரு தடவையும் நாம் மண்டியிட வேண்டும். வெளியிலிருந்து 100 மூட்டை வேண்டிய இடத்தில் 70 போதும் என்றால், அடுத்த நெருக்கடியில் அந்த 30இன் பெலன் தெரியும். கூட்டுப்பசளை இருக்கும் மண் தண்ணீரைப் பிடிக்கும், போட்ட யூரியாவையும் மழையில் ஓட விடாமல் பிடிக்கும். இரண்டும் எதிரிகள் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது அரசியல்.

காற்றில் இருக்கும் நைதரசனை மண்ணில் சேர்க்கும் கிளிரிசீடியாவும் முள்முருங்கையும் எந்தக் கப்பலிலும் வர வேண்டியதில்லை. எப்பாவலயில் பொஸ்பேட் பாறை இருக்கிறது. மெதுவாகக் கரையும், நம் தேயிலையின் அமில மண்ணுக்கு ஒத்துப்போகும். தொழிற்சாலை விறகு அடுப்பின் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் தேயிலைக்கு அமில மண் வேண்டும், சாம்பல் அதைக் குறைக்கும், ஆகவே அதை மரக்கறிப் பாத்திக்குக் கொடுக்க வேண்டும். எது எங்கே போகும் என்று தெரிந்து செய்தால் இது அறிவு. தெரியாமல் செய்தால் இன்னொரு 2021.

"இயற்கைத் தேயிலை இலங்கையில் சரிவராது" என்பவர்கள் ஹப்புத்தளைப் பக்கம் இதல்கஸ்ஹின்னையைப் பார்க்கட்டும். 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கே அந்த முறையில் தேயிலை செய்கிறார்கள். அளவு குறைவு, அதை வாங்கத் தனிச் சந்தை. எல்லாத் தோட்டமும் அப்படி ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலம் கொடுத்தால் நடக்கும் என்பதற்குச் சாட்சி.

"எல்லாம் சரி, கவ்வாத்து மிலாறையே தொழிலாளிகள் விறகுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பிறகு மண்ணுக்கு எங்கே சத்து?" இந்தக் கேள்வியைக் கேட்கும் துரைமாருக்கும் உத்தியோகத்தர்களுக்கும்தான் என் கோபம் முழுவதும்.

ஆம். கவ்வாத்து வெட்டிய மிலாறு மலையிலேயே கிடந்து உக்க வேண்டும். ஆராய்ச்சி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 2022இல் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,800 ரூபாவைத் தாண்டியது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் போனது. ஆயிரம் ரூபா சம்பளத்தில், அதிலும் அரைப்பேரில், எதை எரித்து ரொட்டி சுடுவது? மிலாறைத்தான் எரித்தார்கள். எரிக்காவிட்டால் பிள்ளை பட்டினி. ஒரு தாய் அடுப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் தெரிவு செய்ய வேண்டி வந்தால் அவள் அடுப்பைத்தான் தெரிவு செய்வாள். அவளைக் குற்றம் சொல்லும் திட்டம் எதுவானாலும் அது கடதாசியில் மட்டும் வட்டமாக இருக்கும்.

மலையில் மிலாறு நிற்க வேண்டுமா? லயத்துக்குப் பக்கத்தில் விறகு மரம் நடக் காணி கொடுங்கள். மாட்டெரு வேண்டுமா? மாடு கட்டக் கொட்டகையும் புல்லுக்கு நிலமும் கொடுங்கள், எருவைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் என்று எத்தனை அறிவிப்பு கேட்டுவிட்டோம். 1992இல் கம்பனிகளுக்குத் தோட்டங்களைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை மலை காடேறிக் கிடக்கிறது என்று பஸ்ஸில் போகும்போது நீங்களே பார்க்கலாம். அந்தக் காடேறிய மலைக்கும் லயத்துக்கும் இடையில் ஒரு வேலி, ஒரு அறிவித்தல் பலகை. வீட்டுத் தோட்டம் செய்ய நிலம் இருந்த குடும்பம் புயல் நாட்களில் கீரையாவது பிடுங்கியது. இல்லாத குடும்பம் லொறிக்குக் காத்திருந்தது. காணியும் கூட்டுப்பசளையும் வேறு வேறு விஷயம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது நம் ஆட்கள். கடைத்தெரு நானாமார் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

2022இல் மாவையும் பருப்பையும் பால்மாவையும் பின் அறையில் அடுக்கி வைத்துவிட்டு "இல்லை" என்று சொன்ன கடைகள் நம் நகரங்களில் இருந்தன. மூன்று சமூகத்திலும் இருந்தன. மலையிலிருந்து நடந்து வந்த மனிதரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் கூடின விலைக்கு விற்றார்கள். விலை ஏறட்டும் என்று உணவைப் பதுக்குவது மார்க்கத்தில் பாவம் என்று ஜும்ஆவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கோயிலிலும் தேவாலயத்திலும் வேறு மாதிரிச் சொல்ல மாட்டார்கள். அதே நேரம் கடன் கொப்பியை மூடாமல், கடைசி மூட்டை வரை கிலோ கிலோவாகப் பிரித்துக் கொடுத்த கடைக்காரர்களும் இருந்தார்கள். அந்த நாட்களில் நம் ஊரைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கடன் கொப்பிதான். நெருக்கடி காலத்தில் பொருள் ஓடும் வழி என்பது பாதையும் பாலமும் மட்டும் இல்லை, நம்பிக்கையும்தான். அது ஒரு தடவை அறுந்தால் வீதி அபிவிருத்தித் திணைக்களம் வந்து கட்டித் தராது.

ஆகவே கேட்பதைத் தெளிவாகக் கேட்கிறேன்.

நகர சபைக்கும் பிரதேச சபைக்கும்: உக்கும் குப்பையை வேறாக எடுங்கள். மக்கள் பிரித்துக் கொடுத்ததை ஒரே ட்ரெக்டரில் கலந்து கொட்டினால் அடுத்த வாரம் யாரும் பிரிக்க மாட்டார்கள், அதில் மக்களைக் குறை சொல்லாதீர்கள். கூட்டுப்பசளைக் குவியலுக்குக் கூரை போடுங்கள். நம் மழையில் கூரையில்லாத குவியல் சத்தெல்லாம் ஓடி வெறும் சேறாகும். குவியல் நன்றாகச் சூடேறிப் புரட்டப்படாவிட்டால் புல் விதையும் நோயும் சாகாது. குளிர் ஊரில் மூன்று, நான்கு மாதம் எடுக்கும். எவ்வளவு குப்பை வந்தது, எவ்வளவு பசளை போனது என்று ஒரு பலகையில் மாதாமாதம் எழுதி வையுங்கள். குவியலில் வேலை செய்பவர்களுக்குக் கையுறையும் சப்பாத்தும் ஒழுங்கான சம்பளமும் கொடுங்கள்.

கம்பனிகளுக்கு: அந்தப் பசளையை விலை பேசி வாங்குங்கள். முதலில் ஒரு மலையில், ஒரு கவ்வாத்து வட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தை அழைத்து மண்ணைச் சோதியுங்கள். விளைச்சல் குறைந்தால் அந்த நட்டத்தை அரைப்பேராகக் கூடையில் இறக்காதீர்கள். பரிசோதனை உங்களுடையது, ஆபத்தும் உங்களுடையதாக இருக்கட்டும்.

மரக்கறி வியாபாரிகளுக்கு: கீழே நிறைந்து போகும் லொறி வெறுமையாகத் திரும்பும் நாட்கள் உண்டு. கூடைகளைத் திருப்பி ஏற்றி வர அதுவே போதும். சட்டம் போட்டுத் தோற்றதை நீங்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்து செய்து காட்டலாம். கழித்துப் போடும் இலையையும் தண்டையும் பாதையோரம் கொட்டாமல் குவியலுக்குக் கொடுங்கள்.

பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பாடசாலை நிர்வாகங்களுக்கு: ஒவ்வொரு ஊரிலும் பாதை பத்து நாள் அடைபட்டாலும் தாங்கக்கூடிய அளவு அரிசி, மா, பருப்பு ஒரு பொது இடத்தில் இருக்கட்டும். பழையதை மாதாமாதம் எடுத்துப் பாவித்துப் புதியதை வைத்தால் ஒரு கிலோவும் வீணாகாது. கணக்கை மூன்று சமூகத்து ஆட்களும் சேர்ந்து பார்க்கட்டும். புயல் யாருடைய பெயரையும் கேட்டுவிட்டு வரவில்லை.

நமக்கு: இரண்டு வாளி. ஒன்று உக்குவது, ஒன்று உக்காதது. இதைக்கூடச் செய்ய மாட்டோம் என்றால் கொழும்பைத் திட்ட நமக்கு வாய் இல்லை.

கடைசியாக, "2021 மறந்து போச்சா?" என்று கேட்பவர்களுக்கு. 2021 சொல்லித் தந்த பாடம் கணக்குப் போடாமல், காலம் கொடுக்காமல், கஷ்டத்தைச் சுமப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் செய்யாதே என்பது. எதையும் செய்யாதே என்று அது சொல்லவில்லை. பாதை திறந்திருக்கிறது, லொறி வருகிறது, கடையில் மா இருக்கிறது. கணக்குப் போட இதுதான் நேரம். அடுத்த மண்மேடு சரிந்த பிறகு போட்டால் அது மரணக் கணக்காகத்தான் இருக்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். என் கணக்கில் பிழை கண்டால் திருத்துங்கள், சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருப்பவர்கள், மரக்கறி செய்பவர்கள், சபை உறுப்பினர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். "நல்ல பதிவு சேர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை வாளி என்று எழுதுங்கள்.